மூன்றாம் பெஞ்சில் நின்றுபோன சமாதானம்

வாங்க ஐயரம்மா, வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டில்லயே உக்காருங்க. கை குடுக்க முடியாது, கோவிச்சுக்காதீங்க, கையெல்லாம் புளி. காலையில இருந்து கொட்டை எடுத்துக்கிட்டுக் கெடக்கேன். ஒத்தையாளுக்கு எதுக்கு இம்புட்டுப் புளின்னு பாக்கீங்களோ? மரம் காய்ச்சிட்டு, நான் என்ன செய்ய. காப்பி அந்தா ஸ்டூல்ல இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க.

முதல்ல அந்தப் பக்கம் போயிட்டுத்தானே வாறீங்க? ஜன்னல் வழியா பாத்தேன். நீங்க அங்க நுழையும்போதே இங்க பால் வச்சிட்டேன், அடுத்தது இங்கதான் வருவீங்கன்னு தெரியும். ரொம்ப நேரம் இருந்தீங்க. அங்கயும் காப்பி குடுத்திருப்பா. எமிலி போடுற காப்பி பாயசமாட்டம் இனிக்கும். சரி, அது அவ வீடு, அவ சீனி.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னும் தெரியும். வசந்தகனி ஏன் கோவிலுக்கு வாறதில்ல, ஈஸ்டருக்குக்கூட வரலையே, போய் என்னன்னு கேட்டுட்டு வான்னு உங்க வீட்டுக்காரங்க, நம்ம கோவில் ஐயர், அனுப்பியிருப்பாங்க. கேக்கட்டும். நாற்பது வருஷமா ஒரு ஞாயிறு தவறாதவ வரலைன்னா கேக்கத்தான் செய்வாங்க. இந்த எலியாசர்புரத்துல என்னை மாதிரி பிரசங்கம் கேட்டவ ஒருத்தி கிடையாது. எந்த ஐயர் எந்த வருஷம் என்ன பேசுனாருன்னு இப்பவும் சொல்லுவேன். உங்க வீட்டு ஐயருக்கு முந்தி இருந்தவரு மன்னிப்பைப் பத்தி ஒண்ணு பேசுனாரு பாருங்க, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. உடனே திரும்பிப் பாத்தேன், எமிலி கேக்காளான்னு. அவ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூக்கைத் துடைச்சிக்கிட்டு இருக்கா! அன்னைக்கே நினைச்சேன், இவளுக்கு இதெல்லாம் ஏறாதுன்னு.

எமிலி யாருன்னு உங்களுக்குச் சொல்லவா வேணும்? என் ஓரகத்தி. கொழுந்தன் பொண்டாட்டி. இது ரெண்டும் ஒரே வீடுதான், மாமனார் கட்டினது. அண்ணனும் தம்பியும் நடுவுல ஒரு சுவரை வச்சுப் பிரிச்சிக்கிட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துல பக்கத்துல பக்கத்துல படுத்திருக்காங்க. சுவர் மட்டும் இங்க நிக்குது. ஒத்தைக்கல் சுவர், மேல காத்துக்கு ஒரு ஓட்டை வேற. அங்க கடுகு தாளிச்சா இங்க தும்மல் வரும்.

அவ செய்தது என்னன்னு யாராவது உங்ககிட்டச் சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. ஊர்ல எல்லாரும் அவ பக்கந்தான். நான் சொல்லுதேன், கேளுங்க.

எம்மக நேசமலருக்கு எட்டு வருஷத்துக்கு முந்தி தூத்துக்குடியில ஒரு இடம் அமைஞ்சுது. பையன் துறைமுகத்துல வேலை. நல்ல குடும்பம், மாடி வீடு. அவுக அப்பா இல்லாத பிள்ளைக்கு இப்படி ஒரு இடமான்னு நான் முழங்கால்ல நின்னு அழுதேன். கோவில்ல முதல் ஓலையும் வாசிச்சாச்சு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு ஐயர் படிச்சப்ப எனக்கு நெஞ்சு நிறைஞ்சுது. ரெண்டாவது ஓலை வாசிக்கல. அந்த வாரமே மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணி, 'உங்க பிள்ளைக்கு வலிப்பு உண்டாமே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே'ன்னாங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். 'உங்க வீட்டு ஆளுதான், எமிலி'ன்னாங்க.

வலிப்பாம் வலிப்பு! சின்னப் பிள்ளையில வந்தது, அம்புட்டுத்தான். பொறவு வரவேயில்ல. காலேஜ் படிக்கும்போது ரெண்டு மூணு தடவை வந்துது, அது பட்டினி கிடந்ததால. போன வருஷம் ஒரு தடவை. மாத்திரை போடுதா, இல்லங்கல. இன்னைக்கு யாருதான் மாத்திரை போடல? அதைப் போயி கல்யாணம் பேசின இடத்துல சொல்லுவாங்களா? நீங்க சொல்லுவீங்களா? கல்யாணம் ஆன பொறவு மெதுவா தெரிஞ்சா அவங்களே அனுசரிச்சுப் போயிருப்பாங்க.

காப்பி ஆறுது, எடுத்துக் குடிங்க.

அன்னையில இருந்து அவளோட பேச்சு இல்ல. ஆனா நான் சும்மா இருக்கல பாருங்க. கோபத்தை மனசுல வைக்கக் கூடாதுல்லா, அவ திருந்த ஒரு வழி பண்ணணும்னு நினைச்சேன். என் அண்ணன் மகன் மஸ்கட்டுல இருந்து ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் கொண்டாந்தான். இம்புட்டுக்காணும் பெட்டி, சத்தம் ஊரைக் கூட்டும். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்தைப் போன்ல பிடிச்சிக்கிடுவேன். காலையில அவ இடியாப்பம் பிழியுற நேரம் பாத்து, ஸ்டூல்ல பெட்டியை வச்சு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி விட்ருவேன். நாவைப் பத்தின பிரசங்கம்னா இன்னும் ரெண்டு கோடு கூட்டி வைப்பேன். கோள் சொல்லுறவங்களைப் பத்தி ஒண்ணு உண்டு, அது மாசத்துக்கு ரெண்டு தடவை. நான் அந்நேரம் கொல்லையில துணி துவைக்கப் போயிருவேன். எனக்கு எதுக்கு? நான்தான் கோவில்லயே கேட்டாச்சே.

ஒரு நாள் பாதியில பெட்டி நின்னு போச்சு. சார்ஜ் இல்ல. அப்ப அந்த ஓட்டை வழியா ஒரு குரல், 'அக்கா, நல்ல இடத்துல நின்னு போச்சே, மிச்சத்தையும் போடுங்க'ன்னு. நக்கலைப் பாத்தீங்களா? எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த வாரம் முழுக்க ஒண்ணும் போடல. அவ கேட்டதைக் குடுக்கவா நான் பெட்டி வாங்கி வச்சிருக்கேன்?

நேசமலர் சொன்னா, 'யம்மா, சித்தி நெசம்மாத்தான் கேட்டிருக்கும்'னு. இவ எப்பவும் அப்படித்தான். கொல்லை வழியா போயி அவகிட்டப் பேசுறது எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு.

இப்படியே போய்க்கிட்டு இருந்துதா, இந்த வருஷம் ஜனவரியில உங்க வீட்டு ஐயர் ஒண்ணு பேசுனாங்க. கோவிலுக்குக் காணிக்கை கொண்டு வந்து நிக்கும்போது, இன்னாருக்கு என்மேல மனத்தாங்கல் இருக்கேன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வச்சிட்டுப் போ, முதல்ல அவங்களோட சேந்துட்டு வான்னு. நல்ல பிரசங்கம். பேசுன விதம் கொஞ்சம் இழுவை, ஆனா விஷயம் நல்லது. நான் அதைத் தொடர்ந்து அஞ்சாறு நாள் போட்டேன்.

ஒரு நாள் காலையில வாசல்ல ஆள் நிக்குது. யாருன்னு பாத்தா எமிலி. எட்டு வருஷத்துக்குப் பொறவு என் வாசல்ல! கையெல்லாம் இடியாப்ப மாவு. முழங்கை வரைக்கும். அடுப்புல தட்டை வச்சது வச்சபடி விட்டுட்டு வந்திருக்கா. அந்தப் பக்கம் தீயுற வாசம் வருது. ஒரு நேரங்காலம் வேண்டாமா, ஐயரம்மா? கையைக் கழுவிட்டு, நல்ல சேலை ஒண்ணு கட்டிட்டு, ரெண்டு பெரிய மனுஷங்களைக் கூட்டிக்கிட்டுல்லா வரணும்?

'அக்கா, நான் செஞ்சது தப்பு. உங்ககிட்ட முதல்ல வந்து பேசியிருக்கணும். உங்களைத் தாண்டிப் போனேன். என்னை மன்னிச்சிருங்க'ன்னா. அவ்வளவுதான். ஒரு சாக்குப் போக்கு சொல்லல. அதுதான் எனக்குச் சந்தேகம். தப்பு செஞ்சவ நாலு சாக்கு சொல்லுவா, இவ ஒண்ணும் சொல்லாம நிக்காளேன்னு.

நான் என்ன சொன்னேன்? 'கர்த்தர் உன்னை மன்னிப்பாரு'ன்னேன். பெரிய வார்த்தைதானே அது? கதவை மெதுவாத்தான் சாத்தினேன். அறைஞ்சு சாத்தினேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

பொறவு வந்துது அந்தத் திருவிருந்து ஞாயிறு. நீங்க அன்னைக்கு ஊர்ல இல்ல, உங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்னு போயிருந்தீங்க. மத்தவங்க ஆயிரம் சொல்லியிருப்பாங்க. நடந்தது இதுதான்.

என் இடம் உங்களுக்குத் தெரியும். பெண்கள் பக்கம், மூணாவது பெஞ்சு, சுவரோரம். எனக்கு நேரே பின்னால நாலாவது பெஞ்சுல நேசமலர். தலை சுத்துனா சாஞ்சிக்கச் சுவர் வேணும்ல அவளுக்கு. எமிலி எப்பவும் கடைசிக்குப் பக்கத்துல எங்கயாவது இருப்பா. திருவிருந்துக்கு முந்தி ஐயர் பீடத்துல இருந்து ஒருத்தர் கையைப் பிடிச்சு 'சமாதானம்'னு குடுத்து விட்டா, அது கைக்குக் கை மாறி, பெஞ்சு பெஞ்சா பின்னால போகும். எங்க பெஞ்சுல நடையில இருந்து ஒவ்வொருத்தரா வந்து கடைசியில என் கைக்கு வரும். நான் திரும்பி நேசமலர் கைக்குள்ள வச்சுக் குடுப்பேன். அவகிட்ட இருந்து அந்த பெஞ்சு, அதுக்குப் பின் பெஞ்சுன்னு போகும். அப்படிப் போயிப் போயி எமிலி கைக்கும் போயிருக்கும்தான். எட்டு வருஷமா நான் குடுத்த சமாதானத்தைத்தான் அவ வாங்கியிருக்கா. நாலு கை மாறிப் போனா அது எனக்குக் கணக்கு இல்ல. நேரே குடுக்கல பாருங்க.

அன்னைக்கு மணி அடிச்ச பொறவு ஒருத்தி வந்து எம்பக்கத்துல உக்காருதா. திரும்பிப் பாத்தா எமிலி! எனக்கு இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் அவ. முன்னால பெஞ்சு, பின்னால பெஞ்சு. எந்திரிச்சுப் போகணும்னா அவ முழங்காலைத் தாண்டித்தான் போகணும். பாட்டுப் புஸ்தகத்தை விரிச்சு மூஞ்சிக்கு நேரே வச்சிக்கிட்டேன். பிரசங்கம் ஒரு வார்த்தை காதுல விழல. நாற்பது வருஷத்துல முதல் தடவை.

எல்லாரும் எந்திரிச்சு நின்னாச்சு, சமாதானம் கிளம்பிட்டு. ஓரக்கண்ணால பாக்கேன், முதல் பெஞ்சு முடிஞ்சுது, ரெண்டாவது முடிஞ்சுது. எங்க பெஞ்சுல வருது. எமிலி வாங்கினா. வாங்கிட்டு என் பக்கம் திரும்பி ரெண்டு கையையும் நீட்டினா. 'அக்கா, சமாதானம்'னா.

நான் குனிஞ்சிட்டேன். கண்ணாடி விழுந்த மாதிரி. கண்ணாடி மூக்குலதான் இருக்கு, எனக்கே தெரியும். குனிஞ்சு பெஞ்சுக்கு அடியில துழாவுதேன். கொஞ்ச நேரம் துழாவினா அவ கையை எடுத்துருவா, வேற வழியா போயிரும்னு நினைச்சேன். வேற வழி ஏது? நான்தானே மூலை. என்கிட்ட வந்தாத்தானே பின்னால போகும்! பின்னால அம்புட்டு சனமும் கையை வச்சிக்கிட்டு நிக்குது. பாடகர் குழு பாட்டை முடிச்சாச்சு. உங்க வீட்டு ஐயர் பீடத்துல நிக்காங்க. ஒரு குழந்தை இருமுனது மட்டும் கேட்டுது. நான் குனிஞ்சே கெடக்கேன், எந்திரிக்கவும் முடியல, இருக்கவும் முடியல. நரகம்னா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன், ஐயரம்மா. பெஞ்சுக்கு அடியில, தூசியில.

அப்ப என் தலைக்கு மேல ஒரு கை போச்சு. வளையல் சத்தத்துலயே தெரிஞ்சிட்டு. நேசமலர். மாசா மாசம் என் கையில வாங்குறவ, என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவகிட்ட வாங்கினா. வாங்கிப் பின்னால குடுத்தா. எம்வயித்துல பொறந்தவ! சமாதானம் என்னை விட்டுட்டுப் போயிட்டு. நான் திருவிருந்துக்குப் போகல, அப்பமும் ரசமும் வாங்கல. வயித்து வலின்னு சொல்லி வெளிய வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், 'ஏட்டி, உன் வாழ்க்கையைக் கெடுத்தவ கையிலயா வாங்குத?'ன்னு. அதுக்கு அவ சொல்லுதா, 'யம்மா, அன்னைக்குச் சித்தியைச் சொல்லச் சொன்னதே நான்தான். மாத்திரையை ஒளிச்சு வச்சுக் குடும்பம் நடத்த எனக்குப் பயமா இருந்துது. உங்ககிட்டச் சொன்னா அடிப்பீங்க. அதனால சித்தி கால்ல விழுந்து சொல்லச் சொன்னேன். எட்டு வருஷமா எம்பேரைச் சொல்லாம உங்க ஏச்சையெல்லாம் வாங்கிக்கிட்டாங்க. இப்ப மன்னிப்பும் அவங்களே வந்து கேட்டாங்க. இதுக்கு மேல என்னால முடியாதும்மா'ன்னு.

பொய்! பச்சைப் பொய். சித்தியைக் காப்பாத்த அந்தப் பிள்ளை சொல்லுற பொய். அப்படி இருந்தா எமிலி எங்கிட்ட வந்து நின்னப்பச் சொல்லியிருப்பாள்லா? 'உம்மகதான் சொல்லச் சொன்னா'ன்னு ஒரே வார்த்தை, அவ தப்பிச்சிருப்பா. சொல்லலையே! யாராவது தன்னைக் காப்பாத்திக்க ஒரு வழி இருக்கும்போது சும்மா நிப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. நான் நிப்பேனா?

காப்பி ஆறிப்போச்சு. சூடு பண்ணவா?

நேசமலர் அன்னைக்கே துணியை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா. நடையா ரெண்டு எட்டு. பெட்டியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டா, ஸ்பீக்கர் பெட்டியை. 'இது இங்க வேண்டாம்மா'ன்னு. இப்ப இந்த வீடு கெடக்குற கெடையைப் பாருங்க. சாயங்காலமானா சுவரோரம் பாய் போட்டு உக்காருதேன். அங்கதான் காத்து வரும், அதுக்காக. அவங்க ரெண்டு பேரும் சிரிக்கிறது கேக்கும். எதுக்குச் சிரிக்காங்கன்னு தெரியாது. நான் இங்க இருந்து இருமினா அந்தப் பக்கம் சிரிப்பு நின்னு போகும். அதனால இருமல் வந்தாக்கூட வாயைப் பொத்திக்கிடுதேன்.

நேசமலருக்கு இப்ப கல்யாணமும் எமிலிதான் பேசி முடிச்சிருக்கா. மாப்பிள்ளை ஜெபசிங், அச்சாபீஸ்ல வேலை. ஒரு காது கேக்காது. அதைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அவரே சொல்லிட்டாராம். இவளும் மாத்திரை டப்பாவை எடுத்து முன்னால வச்சாளாம். எப்படி ஒரு பொண்ணு பாக்குறது பாத்தீங்களா? அதுக்கு அவரு, 'வலிப்பு வந்தா என்ன செய்யணும், காட்டுங்க'ன்னு கேட்டு, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னு எமிலிகிட்ட படிச்சிக்கிட்டுப் போயிருக்காரு. நான் இம்புட்டு வருஷமா, வலிப்பு வந்தா அவ கையில திணிக்கச் சாவிக்கொத்தோட திரியுதேன், எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. ஒத்தைக் காதை வச்சிக்கிட்டு அவரு எந்தப் பிரசங்கத்தைக் கேக்கப் போறாரோ!

ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வர்ற ஞாயிறு மூணாவது. அடுத்த வியாழன் கல்யாணம். போன வாரம் நேசமலர் வந்தா, இந்தா இந்த வாசல்ல நின்னா. 'யம்மா, நீங்க வரணும். நீங்க இல்லாம எனக்கு நல்லா இருக்காது. முன் பெஞ்சுல உங்களுக்கும் சித்திக்கும் இடம். கல்யாணத்துல திருவிருந்தும் வைக்கச் சொல்லியிருக்கேன்'னா. அழுதா. நானும் அழுதேன், அவ போன பொறவு.

யோசிச்சுப் பாருங்க ஐயரம்மா. முன் பெஞ்சு. பக்கத்துல அவ. சனம் பூரா பின்னால இருந்து பாக்கும். சமாதானம் வரும். போனா அவ கையைப் பிடிக்கணும். பிடிச்சா, இந்த எட்டு வருஷம் நான் செஞ்சதெல்லாம் என்னன்னு ஆகிரும்? போகலைன்னா எம்மக கல்யாணத்துல எம்மகளுக்கு அம்மா இல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

அதனால ஒரே ஒரு விண்ணப்பம். ஐயர்கிட்ட நீங்க சொன்னாக் கேப்பாங்க. கல்யாணம் இருக்கட்டும், திருவிருந்தும் இருக்கட்டும், அந்தச் சமாதானம் குடுக்கிறதை மட்டும் அன்னைக்கு விட்டுரச் சொல்லுங்க. நேரமாகுதுன்னு சொன்னா யாரு கேக்கப் போறா? ஒரு நாள் சமாதானம் இல்லாட்டி என்ன, கல்யாணம் நிக்கவா போகுது?

எந்திரிச்சிட்டீங்களா? என்ன ஐயரம்மா, ரெண்டு கையையும் நீட்டுதீங்க? கையெல்லாம் புளின்னு வந்ததுமே சொன்னேனே.

இருங்க. நீங்க நேரே அங்க இருந்துதானே வாறீங்க? வெளிய வரும்போது எமிலி சமாதானம்னு உங்க கையைப் பிடிச்சாளா? பிடிச்சிருப்பா. அதான் வந்ததுல இருந்து கையை மடியில சேத்து வச்சிக்கிட்டே இருந்தீங்களாக்கும். டம்ளரைத் தொடவே இல்ல. விசிறிகூட எடுக்கல. நான்பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

நேசமலரும் குடுத்தாளா? அவ கையும் இதுல இருக்கா?

ஐயோ. நில்லுங்க, கழுவிட்டு வாறேன். குழாய்ல தண்ணி இல்ல, கொல்லையில தொட்டியில இருக்கு. இந்தச் சவத்துப் புளி சட்டுன்னு போகாது, நகக்கண்ணுல எல்லாம் இருக்கு. கேக்குதா ஐயரம்மா? போயிராதீங்க. கையை எடுத்துராதீங்க. அன்னைக்கு நான் குனிஞ்சு கெடந்தப்ப எனக்கு அவ பாதம் ரெண்டும் தெரிஞ்சுது. நான் அம்புட்டு நேரம் துழாவியும் அது ஒரு விரக்கடை நகரல. எமிலிக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிக்க மாட்டா, எனக்குத் தெரியும். இந்தா வந்துட்டேன், துடைச்சிக்கிட்டு இருக்கேன். அப்படியே நில்லுங்க.